ஆலுவானை ஆலுவானே கூப்பிட்ட மாதம்

ஆலுவான் அக்காவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கீலுங் என்கிற எங்கள் துறைமுக ஊரில், கோவில் கடைவீதிக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், என் ஃபோன் கடைக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதில் சிவப்புத் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து: ‘தலை அலசப்படும்’. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, பின்கட்டில் ஒரு தொட்டி. முப்பத்தொரு வருஷமாக இதில் எதுவும் மாறவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. முன்பு அவள் ஃபோனில் வாய்ஸ் மெயில் இருந்தது, இப்போது இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் பிஷியா. ஃபோன் விற்பது என் தொழில். ஊர்க்கதை பேசுவது அதைவிடப் பெரிய தொழில் என்று அக்கா சொல்வாள்.

எங்கள் தெருப் பெண்கள் வீட்டில் தலை அலசமாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் அக்காவின் நாற்காலியில் வந்து நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் உலர்ந்த முடியிலேயே ஷாம்பூவைப் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நுரையைத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு எழுப்புவாள். பிறகு இருபது நிமிஷம் மண்டையைப் பிசைவாள். அதற்கப்புறம்தான் பின்கட்டுத் தொட்டி. அந்த இருபது நிமிஷம் எமனே வந்து கூப்பிட்டாலும் அவள் கையை எடுக்கமாட்டாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் கை காய்ந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்கு வாய்ஸ் மெயில். ஃபோன் ஆறு முறை அடிக்கும், அப்புறம் அழைப்பு அந்த வாய்ஸ் மெயில் பெட்டிக்குப் போய்விடும். வருகிறவர்கள், “வியாழக்கிழமை நாலு மணிக்கு வரேன்க்கா” என்று சொல்லி வைப்பார்கள். மாலையில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்பாள்.

ஆரம்பத்தில் அந்தப் பெட்டி ரகசிய எண் கேட்டது. நாலு இலக்கம். அக்கா அதை மூன்று முறை மறந்தாள், மூன்று முறையும் பெட்டி பூட்டிக்கொண்டது.

“ஏன்டி, என் ஃபோன்ல இருந்து நானே கேக்குறேன். நான்தான்னு அதுக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரியற மாதிரி பண்ணித் தரேன்,” என்றேன் நான். பெரிய மேதாவி மாதிரி பெட்டியின் அமைப்புக்குள் நுழைந்து, அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ரகசிய எண் கேட்காமலே திறக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அவள் அன்றைக்கு எனக்கு ஓசியில் தலை அலசிவிட்டாள். நானும் கண்ணை மூடி அனுபவித்தேன்.

வான்ஜு என்று ஒரு பெண். வியாழக்கிழமைதோறும் வருவாள். முப்பது வயது இருக்கும், தழைந்த பேச்சு, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. ஒரு நாள் நுரைக்குள் அக்காவின் விரலில் காய்ந்த ரத்தம் தட்டுப்பட்டது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறோர் இடத்தில். மூன்றாவது வாரம் காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியே இல்லை.

“படியில விழுந்துட்டேன்க்கா,” என்றாள் வான்ஜு.

“படிக்கு விரல் கிடையாதும்மா,” என்றாள் அக்கா.

அவள் புருஷன் லியாவ் எனக்கு நன்றாகத் தெரிந்தவன். அலுவலகங்களுக்கு இணையம் வழியாகப் பேசும் ஃபோன் இணைப்பு மாட்டித் தருகிற வேலை. வயர், பிளக் எல்லாம் என் கடையில்தான் வாங்குவான். பார்த்தால் அவ்வளவு சாது. வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்பான். பெண்டாட்டியைத் தலை அலச மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, மழையிலும் வாசலிலேயே காத்திருப்பான். நல்ல மனுஷன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, அவன் வாசலில் காத்திருக்கும்போதே, வான்ஜு அலசுவதற்காகப் பின்கட்டுக்குப் போனவள் ஈரத் தலையோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அக்கா அவளுக்காக ஒரு பையும் ரயில் டிக்கெட்டும் முன்கூட்டியே தயார் பண்ணி வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை. என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன. ரொம்ப நாள் கழித்து, ஜூன் மாதம் போல்தான் சொன்னாள். நீதிமன்றத்தில் அவன் அவளை நெருங்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் வாங்கிக் கொடுத்திருந்தாள். காகிதம் காகிதம்தானே.

போகும்போது அக்கா அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “வெள்ளிக்கிழமை மத்தியானம் பொது ஃபோன்ல இருந்து கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், கடையில ஆள் இருக்கும். பெட்டியில பேசிட்டு வை. ஊர் பேர் வேணாம், ஆள் பேர் வேணாம். இருக்கேன்னு மட்டும் சொல்லு.”

அவளும் அப்படியே செய்தாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அக்கா கடையைச் சாத்திவிட்டு, அந்த அரை நிமிஷக் குரலை இரண்டு முறை கேட்பாள். சில வாரம் அந்தப் பெண் பேசுவாள், சில வாரம் அழுவாள். அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கப்பலில் சமையலுக்குப் போன புருஷன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பமாகி முப்பது வருஷம். வெள்ளிக்கிழமை மட்டும் அவள் முகம் வேறு மாதிரி இருக்கும்.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தது, செத்துப்போனவர்கள் திரும்பி வருகிற மாதம். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அவர்களுடைய பெயரைச் சொல்லமாட்டோம். ‘நல்ல அண்ணன்மார்’ என்போம். அந்த உலகத்துக் கதவு திறந்து அவர்கள் முப்பது நாள் எங்களோடுதான் நடமாடுவார்கள். பின்னால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டோம், பதில் சொல்லமாட்டோம். கடைக்குக் கடை வாசலில் படையல். அக்கா தன் படையல் மேசைக்குக் கீழே ஒரு தட்டுத் தண்ணீர், புதுத் துண்டு, சீப்பு, கைக்கண்ணாடி வைப்பாள். வெகுதூரம் நடந்து வந்தவர்கள் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ளட்டும் என்று. தொழிலுக்கு ஏற்ற படையல் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

மாதத்தின் முதல் நாள், மத்தியானம் மூன்று மணி சுமார். நாற்காலியில் மீன் உருண்டைக் கடை ஜியான் அம்மா, தலையில் நுரைக் கோபுரம். கண்ணாடிக்குக் கீழே பலகையில் வைத்திருந்த ஃபோன் அடித்தது. ஜியான் அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஆலுவான், இது உன் நம்பர் மாதிரி இருக்கே.”

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் எண்தான். பத்து இலக்கமும் அவளுடையது. ஆலுவானை ஆலுவான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு முறை அடித்து நின்றது. அக்கா அதைத் தொடவில்லை.

“உன் ஆவி இப்பவே ஊர் சுத்தக் கிளம்பிடுச்சு போல,” என்றாள் ஜியான் அம்மா. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். எப்போதும் மத்தியானம், எப்போதும் அக்காவின் கை நுரையில் இருக்கும்போது. காலையில் வராது, கை சும்மா இருக்கும்போது வராது. மாலையில் பெட்டியைக் கேட்டால் அந்த அழைப்பிலிருந்து எந்தச் செய்தியும் இருக்காது. தெருவே கூடி யோசனை சொன்னது. எடுக்காதே. எடுத்தால் உள்ளே விட்ட மாதிரி. பேர் சொல்லிக் கூப்பிடுவதும் நம்பர் போட்டுக் கூப்பிடுவதும் ஒன்றுதான். ஜியான் அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றி வைக்கச் சொன்னாள், அக்கா வைத்தாள்.

நான் ஃபோன் விற்கிறவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் நான் அங்கே தலை அலச உட்கார்ந்திருந்தபோது அடித்தது. மழை இருட்டிக்கொண்டு பெய்கிறது, ஊதுபத்திப் புகைக்கு நடுவே அந்தச் சின்னத் திரை பச்சையாக எரிகிறது, அதில் அக்காவின் எண். பின்னால் நிற்கிற அக்காவின் விரல் என் மண்டையில் அப்படியே நின்றுவிட்டது.  

“எடுக்காதேக்கா,” என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. அக்கா தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். தோளில் துண்டு, எதிரே அவள் நாற்காலியில் ஜியான் அம்மா நுரையோடு உட்கார்ந்திருக்கிறாள். நுரையோடு ஆளை விட்டுவிட்டு அக்கா வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

“பிஷியா, ஒண்ணு கேக்கணும். பெட்டியில இருக்கிற செய்தி தன்னால பழசாகுமா?”

“புரியலையே.”

“நேத்து வெள்ளிக்கிழமை. அவ பேசியிருந்தா. ஆனா பெட்டி ‘புதிய செய்தி இல்லை’ன்னு சொல்லுது. ‘கேட்ட செய்தி ஒன்று’ன்னு சொல்லுது. அதுக்கு முன்னாடி நான் கேக்கவே இல்லையேடி. போன வாரமும் அப்படித்தான். அண்ணன்மார் கேட்டிருப்பாங்களோன்னு அவங்களுக்குப் படைக்கிற காகிதப் பணம் எரிச்சேன்.”

 கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் லியாவ் என் கடைக்கு வந்தான். வான்ஜு போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். பாவம், பெண்டாட்டி ஓடிப்போன மனுஷன் என்று நான் டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக அவன் ஒரு வேடிக்கை காட்டினான். தன் மடிக்கணினியில் ஏதோ தட்டினான், என் கடை ஃபோன் அடித்தது. பார்த்தால் தீயணைப்பு நிலையத்து எண். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “எந்த நம்பரை வேணாலும் போட்டுக்கலாம்க்கா. பாக்கறவங்க நம்பிடுவாங்க,” என்றான். “அப்போ என் நம்பர்லேருந்தே என்னைக் கூப்பிடலாமா?” என்று கேட்டேன். “கூப்பிடலாமே. ஆனா நீங்க எடுத்துட்டா நான் என்ன பேசறது?” என்றான். அப்போது இந்த ஓட்டை வாய் சும்மா இருந்ததா? “எதிர்க்கடை அக்காவைக் கூப்பிடு, அவ எடுக்கவே மாட்டா, கை பூரா நுரை. நேரா பெட்டிக்குத்தான் போகும். அதையும் ரகசிய எண் கேக்காம நான்தான் பண்ணிக் குடுத்திருக்கேன்,” என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அவன் அவசரப்படவில்லை. ஏழாம் மாதம் வரை காத்திருந்தான். வேறு மாதமாக இருந்தால் அக்கா இரண்டாம் நாளே நுரைக் கையோடு எடுத்து, “எவன்டா நீ,” என்று கேட்டிருப்பாள். இந்த மாதத்தில் எடுக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

அவனிடம் சொன்னது நான் என்பதை அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. “அக்கா, கூப்பிடறது நீயும் இல்லை, அண்ணன்மாரும் இல்லை. லியாவ். உன் நம்பரைப் போட்டுக்கிட்டுக் கூப்பிடறான். நீ எடுக்காம விட்டா பெட்டி அவனை நீன்னு நினைச்சுத் திறந்து விட்டுடுது. எல்லாத்தையும் கேக்கறான்.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் போய்விடும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அதற்குப் பின்தான் பயம் வந்தது.

“நேத்து அவ என்ன சொன்னா தெரியுமா? ரூம் கிடைச்சிருக்குன்னு சொன்னா. ஐஸ் ஃபேக்டரி மாடியில, கடல் தெரியற ஜன்னலாம். வாழ்க்கையில முதல் தடவையா என் சாவி என் கையில இருக்குக்கான்னு சொன்னா. நாளைக்கு மத்தியானம் விலாசத்தைச் சரியாக் கேட்டுச் சொல்றேன், ஒரு தடவை வந்து பாருங்கன்னு...”

நாளைக்கு என்றால் அது இன்றைக்குத்தான். மணி இரண்டு நாற்பது.

நாங்கள் ஓடினோம். சொல்லப் போனால் அக்கா நடந்தாள், நான் ஓடினேன். நாற்காலியில் ஜியான் அம்மா, “என் தலை காஞ்சு அப்பளமாயிடுச்சு, ரெண்டு பேரும் எங்கடி போனீங்க?” என்று கத்தினாள். அக்கா அவள் பின்னால் போய் நின்று விரல்களை நுரையில் விட்டாள். தெருவில் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் வழக்கம் போலத் தெரியட்டும் என்றாள். நான் அவள் ஃபோனை எடுத்துப் பெட்டியைக் கூப்பிட்டேன்.

பெட்டி என்னை ஒன்றும் கேட்கவில்லை. திறந்துகொண்டது. ‘புதிய செய்தி ஒன்று’ என்றது.

புதியது என்றால் இன்னும் யாரும் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஃபோனை அக்காவின் காதோடு சேர்த்துப் பிடித்து, என் காதையும் ஒட்டவைத்துக்கொண்டேன். பின்னால் கடல்காற்று இரைகிறது. வான்ஜு சிரித்துக்கொண்டே சொன்னாள். சூஆவ் துறைமுகம், தெருப் பெயர், எண், மாடிப்படி எந்தப் பக்கம் என்பது வரை. “கதவு நீல நிறம்க்கா,” என்றாள். நான் அதை மனப்பாடம் பண்ணினேன், எதிலும் எழுதவில்லை. அழித்தேன். பழைய செய்திகளையும் அழித்தேன். பிறகு உள்ளே போய், யார் கூப்பிட்டாலும் ரகசிய எண் கேட்கும்படி மாற்றினேன்.

“புது நம்பர் நீயே போடு. பிறந்த நாள் போடாதே, கடை நம்பர் போடாதே. எனக்கும் சொல்லாதே,” என்று ஃபோனை நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். அவள் சுண்டுவிரலால் நாலு முறை அமுக்கினாள்.

“ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?” என்றாள் ஜியான் அம்மா.

“சும்மா இரு, நுரை கண்ணுல போயிடும்,” என்றாள் அக்கா.

மூன்று மணி பத்து நிமிஷம். ஃபோன் அடித்தது. அக்காவின் எண்.

இப்போது எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என் கைமயிர் குத்திட்டு நின்றது. ஜியான் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். இரண்டு, மூன்று.

“விட்டுடுக்கா. ரகசிய எண் கேக்கும், வச்சிடுவான்.”

“எடு,” என்றாள்.

“ஏழாம் மாசம்க்கா.”

“எடுத்து என் காதுல வை.”

நாலு. ஐந்து. நான் பச்சைப் பொத்தானை அமுக்கி அவள் காதில் வைத்தேன், என் காதையும் கொண்டுபோனேன். யாரும் பேசவில்லை. மூச்சு கூட இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

அப்போது தெருக்கோடியில் கோவில் மேளக்காரர்கள் பயிற்சியை ஆரம்பித்தார்கள். பெரிய மேளம், ஒரே ஒரு அடி. கதவு வழியாகக் கேட்டது. அரை மூச்சு கழித்து அதே அடி ஃபோனுக்குள்ளிருந்து கேட்டது.

மறுபடி ஒரு அடி, கதவில். மறுபடி, ஃபோனில்.

அவன் எங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தான். இத்தனை நாளும் இங்கேதான் நின்றிருக்கிறான். அக்காவின் கை எப்போது நுரைக்குள் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். நான் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். நீராவி படிந்த கண்ணாடி, வெளியே படையல் மேசைகள், குடைகள். என் கடைக் கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். அதில் நாலு பேர் காதில் ஃபோன். ஒருவர் முகமும் தெரியவில்லை.

“லியாவ்,” என்றாள் அக்கா. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் யாரும் யாரையும் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சத்தமில்லாமல், கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். விரல் ஜியான் அம்மாவின் தலையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் மழை. பிறகு அவன் பேசினான். அதே தழைந்த, மரியாதையான குரல்.

“அடுத்தது எப்ப வரும்க்கா?”

தொடர் நாடகம் பார்க்கிறவர்கள் கேட்கிற மாதிரி கேட்டான். எனக்கு அப்போது வந்தது கோபமா அருவருப்பா தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வராது,” என்றாள் அக்கா. நான் அமுக்கி வைத்தேன்.

அன்று மாலை, வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் பேசினோம். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். முதலில் அந்தப் பெண்ணை இடம் மாற்றுங்கள், மற்றது பிறகு என்றாள். மற்றது என்றால் சாட்சி. பிற்பாடு ஃபோன் கம்பெனியில் வாங்கிய பட்டியலில் அத்தனை அழைப்பும் ஆலுவான் ஆலுவானைக் கூப்பிட்டதாகத்தான் அச்சாகியிருந்தது. லியாவ் என்கிற பெயர் அதில் எங்கேயும் இல்லை. ஒன்றரை வருஷம் இழுத்து, வேறொரு வழக்கில்தான் அவன் உள்ளே போனான்.

வான்ஜுவிடம் ஃபோன் இல்லை. யாராவது நேரில் போக வேண்டும். அக்கா கடையை விட்டு நகர்ந்தால் அவன் பின்னாலேயே வருவான். “நீ போ,” என்றாள். “நான் இங்கயே நிக்கறேன். அவன் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் கடை திறப்பதில்லை. அன்று திறந்தாள், கதவை விரியத் திறந்து வைத்தாள். விடிந்ததிலிருந்து கைகளை நுரையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். ஆள் குறைந்தபோது ஜியான் அம்மா இரண்டாவது முறையும் வந்து உட்கார்ந்தாள். “இப்படியே இன்னொரு நாள் போனா மண்டையில முடியே இருக்காது,” என்று சொன்னாளாம். விஷயம் முழுக்க அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் என் ஃபோனைக் கடையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். சூஆவ் வரைக்கும் ரயிலில் என் பக்கம் பார்த்த ஒவ்வொரு ஆண்பிள்ளையும் எனக்கு லியாவ். இறங்கியதும் ஒரு கடைக்குள் புகுந்து பத்து நிமிஷம் நின்று, யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

நீலக் கதவை அவளே திறந்தாள். என்னைப் பார்த்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அக்கா வரலையா?” என்றாள். சின்ன அறை. சொன்ன மாதிரியே கடல் தெரிகிற ஜன்னல். ஒரு மின் அடுப்பு, புதுப் போர்வை, கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை.

சொன்னேன். அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை.

“எல்லாத்தையும் கேட்டிருக்கானா? இந்த மாசம் நான் பேசினது எல்லாத்தையும்?”

“ஆமா.”

“நான் அழுததையும்?”

நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து பையை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் அந்த அறை யாரும் இருந்திராத அறை மாதிரி ஆகிவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் மூன்று திசைக்கும் வண்டி வந்தது. வான்ஜு பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அக்காகிட்ட சொல்லுங்க, நான் நேரா...”

“சொல்லாதே.” இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நடுத்தெருவில், ஐம்பது வயதுக்காரி. “என்கிட்ட சொல்லாதே. எனக்கு வாய் நிக்காது. என்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. அவனுக்கு வழி சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

அவள் நின்றாள். என்னைத் திட்டியிருக்கலாம், நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஃபேக்டரிக்கார அம்மாகிட்ட குடுத்துடுங்க,” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

எந்த வண்டியில் ஏறினாள் என்று பார்க்காமல் இருப்பதற்காக நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன். மூன்று வண்டியும் போகிற வரை நின்றேன்.

கீலுங் திரும்பியபோது தெருவெல்லாம் விளக்கு ஊர்வலக் கூட்டம். அக்கா இன்னும் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன.

“பாத்தியா?”

“பாத்தேன். கிளம்பிட்டா.”

“எங்க?”

“கேக்கலை.”

அவள் பின்கட்டுத் தொட்டியில் கையை அலசிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, அவன்கிட்ட பெட்டியைப் பத்திச் சொன்னது...”

“தெரியும். நேத்தே உன் மூஞ்சியில தெரிஞ்சுது.”

துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். என்னை அடித்திருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இனிமே அவ உயிரோட இருக்காளான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“தெரியாதுக்கா.”

“நமக்குத் தெரியாம இருந்தாதான் அவனுக்கும் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் முறையாக என் முன்னால் அழுதாள்.

மறுநாளே அந்தப் பெட்டியை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தெரியாது.